வெள்ளைக் குறுக்கு

நன்றியெல்லாம் சொல்லாதீக தாயி. அந்த வார்த்தைய அப்படியே உள்ள வச்சுக்கோங்க. மொதல்ல நான் சொல்லுததக் கேளுங்க. கேட்டுட்டு, அப்புறமும் நன்றி சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. தோணாது. எழுதி வேணும்னாலும் தாறேன், தோணாது.

கேப்டன் ஞானசிகாமணி சாரு மகளா நீங்க. கார விட்டு எறங்கும்போதே அந்த நடையப் பாத்து அவரு நடைதான்னு நெனச்சேன். தை மாசமே தவறிட்டாருன்னு இப்ப வந்து சொல்லுதீக. எனக்கு யாரு சொல்லுவா? இந்த ஊர்ல அவரு பேரச் சொல்லவே ஆளு கெடையாது. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது, "வெள்ளக்கரட்டுல கெங்குசாமின்னு ஒருத்தர் இருக்காரு, என் உயிரக் காப்பாத்தின மனுசன், ஒரு தடவ போயிப் பாத்துட்டு வா"ன்னு சொன்னாராக்கும். அய்யோ தாயி. அதச் சொல்லாமலே போயிருக்கலாம்.

ஏரோட்ராம் விலக்கு டீக்கடையிலதான வழி கேட்டீக? என்ன சொன்னான் அவன்? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். "அந்தக் கேப்டன் வாறேன் வாறேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்திட்டான், அதுலதான் ஏரோட்ராம் போச்சு"ன்னு சொல்லியிருப்பான். இங்க நண்டு சிண்டு வரைக்கும் அதான் பேச்சு. பதினாலு வருசமா அதான் பேச்சு. நம்பாதீக தாயி. உங்கப்பா வந்தாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். என் தங்கச்சி குருவம்மா பாத்தா, அவ மக பாத்தா. மூணு பேரும் வாயத் தொறக்கல. அதான் சங்கதி.

இப்படி இந்தக் கல்லுல உக்காருங்க. வெயிலு ஏறுதுக்குள்ள சொல்லிருதேன்.

இந்தா நீட்டமாக் கெடக்கு பாருங்க, வேலிமுள்ளு மொளச்சு, அதான் ரன்வே. வெள்ளக்காரன் சண்டைக்காகப் போட்டது. சண்டை முடிஞ்சு சும்மாக் கெடந்தத, ஜின்னிங் பாக்டரி சங்கரப்ப ரெட்டியாருதான் கவர்மெண்டுகிட்ட குத்தகைக்குப் பேசி, பறக்குறதுக்குன்னு ஒரு கிளப்பு ஆரம்பிச்சாரு. என்ன கிளப்பு? ரெண்டே ரெண்டு குட்டி விமானம். ரெண்டு பேரு உக்காரலாம், மூணாவது ஆளு தும்மினா எடம் பத்தாது. டாக்டரு, தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி, காலேஜு வாத்தியாரு, இப்படி ஒரு பத்துப் பதினஞ்சு பேரு. ஞாயித்துக்கிழம ஆனாப் போதும், பொண்டாட்டி பிள்ளைய வீட்டுல விட்டுட்டு இங்க வந்துருவாக. கத்துக் குடுக்க வந்தவருதான் உங்கப்பா. பட்டாளத்துல இருந்து வந்த மனுசன். சிரிக்க மாட்டாரு, ஆனா கண்ணு சிரிக்கும்.

எனக்கு என்ன வேலைன்னு கேளுங்க. எல்லா வேலையும். ஆட்ட வெரட்டணும். மாட்ட வெரட்டணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு காட்டுத துணிப்பைய ஏத்தணும். மொளச்ச புல்ல வெட்டணும். கல்லு கெடந்தாப் பொறுக்கணும். காலையில விடிஞ்சதும் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம நடப்பேன். இருபத்தாறு வருசம் தாயி. ஒரு ஆணி கெடந்தது கெடையாது. சும்மா சொல்லல, என்னை மாதிரி ரன்வே பாத்தவன் மதுரையில கூடக் கெடையாதுன்னு உங்கப்பாவே சொல்லியிருக்காரு.

மேல ஏறுனது கெடையாது. ஒரு நாளும் கெடையாது. உங்கப்பா கூப்பிடாத நாளு இல்ல. "ஏறு கெங்குசாமி, உன் ரன்வேய மேல இருந்து பாக்க வேண்டாமா?"ம்பாரு. "எல்லாரும் மேல போயிட்டா கீழ ஆரு சார் பாக்குறது?"ன்னு சொல்லிருவேன். பயந்தான். வெளிய சொல்லிக்கிட மாட்டேன். கீழ இருந்து பாக்குறதே எனக்குப் போதும்னு இருந்துட்டேன்.

அப்புறம் இந்தக் குறுக்கு. அதச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். ரன்வேயில எறங்கக் கூடாதுன்னா, பெரிய வெள்ளத் துணி ரெண்ட, கணக்குல பெருக்கல் குறி போடுவோம்ல, அந்த மாதிரி ரெண்டு முனையிலயும் விரிச்சு வைக்கணும். காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு. மேல இருந்து அதப் பாத்தா எப்பேர்ப்பட்டவனும் எறங்க மாட்டான். அது சட்டம். போடுறது என் கையில.

ஒரு தடவ ஐப்பசி மழையில ரன்வேக்கு அடியில போற குழாய் ஒடஞ்சு, நடுவுல தாருக்கு அடியில மண்ணு கரைஞ்சு போச்சு. மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது, மிதிச்சாப் பொதக்குன்னு போகும். உங்கப்பா திருச்சிக்குப் போயிட்டுத் திரும்பி வாறாரு. நான் ஓட்டமா ஓடிக் குறுக்குப் போட்டுட்டேன். மேல சுத்துறாரு, சுத்துறாரு, வேற வழியில்லாம மதுரைக்குப் போயி எறங்கி, அங்கேருந்து டாக்சி பிடிச்சு வந்தாரு. வந்த வேகத்துக்கு என்னை ரெண்டு சாத்து சாத்தத்தான் வந்திருக்காரு. ஒரு கம்ப எடுத்துத் தாரு வெடிப்புல குத்துனேன். கம்பு முழுசா உள்ள போச்சு. மனுசன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "கெங்குசாமி, இனிமே நீ குறுக்குப் போட்டா நான் ஏன்னு கேக்க மாட்டேன்"னாரு.

அந்த நன்றியத்தான் நீங்க இப்பத் தூக்கிட்டு வந்திருக்கீக. அது நெசம். அது வரைக்கும் நான் யோக்கியன்.

அதுக்கப்புறம் எல்லாம் எறங்குமுகந்தான். டாக்டரு செத்துப் போனாரு. தீப்பெட்டி ஆபீஸ மூடிட்டாக. விமானத்துக்கு ஊத்துற பெட்ரோலு மதுரையில இருந்து பேரல்ல வரணும், அதுவும் ஒரு மாசம் வரும், மூணு மாசம் வராது. ஒரு விமானத்தப் பெங்களூர்க்காரன் வாங்கிட்டுப் போனான். இன்னொண்ணு டயரு எறங்கி ஷெட்டுக்குள்ள நின்னுச்சு, உள்ள புறாவா அடஞ்சு போச்சு. உங்கப்பாவும் எத்தன நாளுதான் சும்மா உக்காந்திருப்பாரு? கோயமுத்தூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. போகும்போது இந்தத் தரையத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாரு. சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, கும்பிட்டாரு தாயி.

குத்தகைப் பத்திரத்துல ஒரு கண்டிசன் உண்டு. ரெண்டு வருசம் சேந்தாப்ல ஒரு விமானங்கூட எறங்கலைன்னா, கவர்மெண்டு நெலத்தத் திருப்பி எடுத்துக்கிடலாம். அந்தக் கெடு நெருங்கிருச்சு. பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமதான் கடைசி நாளு. ரெட்டியாரு கோயமுத்தூருக்குப் போன் போட்டு அழாத குறையாக் கேட்டாரு. உங்கப்பா, "ஒரு சிநேகிதர் விமானத்தக் கேட்டு வாங்கிட்டு வாறேன், ஞாயித்துக்கிழம தாலுகா ஆபீசரு கண்ணு முன்னால எறங்கிக் காட்டுதேன்"னு வாக்குக் குடுத்தாரு. ரெட்டியாருக்கு உயிரு வந்துருச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கோத்து, மேளத்துக்குச் சொல்லி விட்டாச்சு.

அதே வாரத்துல எனக்கும் ஒரு போன் போட்டாரு உங்கப்பா. ஆபீஸ் ரூம்ல போன் இருந்துச்சு அப்ப. "ஒரு நாளு முன்னப் பின்ன ஆகும் கெங்குசாமி, ரன்வேயச் சுத்தமா வச்சிரு"ன்னாரு. சொன்னாரு தாயி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு விமானம் சொன்ன நாளுக்கு முன்னால வந்து நான் பாத்ததில்ல. மேகம்பாக, காத்தும்பாக, மிசினு சரியில்லம்பாக, பின்னாலதான் வரும். முன்னப் பின்னன்னா பின்னதான்; கெடுவத் தாண்ட முடியாது, அதனால ஞாயித்துக்கிழமதான் வருவாரு. அப்படித்தான் நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாக.

வியாழக்கிழம மழை ஊத்திருச்சு. பங்குனியில மழை பெஞ்சா இந்தக் கரிசக்காட்டுல என்ன நடக்கும் தெரியுமா? வத்தல் போயிரும். பழுத்த மிளகாயப் பறிச்சுக் களத்துல காயப் போட்டிருக்கும் நேரம். களமெல்லாம் சேறு. என் தங்கச்சி குருவம்மா புருசன் இல்லாதவ. வருசம் முழுக்கப் பாடுபட்டது அந்த மிளகாதான். அத வச்சுத்தான் மக கல்யாணம். பழம் ரெண்டு நாளு வெயிலு காணலைன்னா அழுகி, வெளுத்து, நாய் கூட மோந்து பாக்காது. ஓடி வந்து நிக்கா. "அண்ணே, களத்துல கால வைக்க முடியலண்ணே"ன்னு அழுதா. அவதான் கேட்டா. அவ கேக்கலைன்னா நான் எதுக்கு...

இல்ல. அவ கேக்கல. அவ அழத்தான் செஞ்சா. நாந்தான், "அழாத புள்ள, அண்ணங்கிட்ட முக்கா மைலு தாரு ரோடு இருக்கு, ஊர்ல எவனுக்கு இருக்கு?"ன்னு சொன்னேன். பெருமை. ஆனாலும் அவ வேண்டாம்னு சொல்லியிருக்கணும்ல? பொம்பளைக்கு அந்த புத்தி வேண்டாமா? அன்னையில இருந்து இன்ன வரைக்கும் அவகூட நான் பேசுறதில்ல. நல்ல நாளு பொல்லாத நாளுக்குச் சோறு குடுத்து விடுவா. திங்கேன். பேச மாட்டேன்.

வெள்ளிக்கிழம வெயிலு ஏறினதும் மூட்டை மூட்டையாக் கொண்டாந்து ரன்வேயில தட்டினோம். தாரு சூட்டுக்குப் பழம் சுருங்குற சத்தம் காதுல கேக்கும். சனிக்கிழம சாயங்காலம் அள்ளிட்டு, கழுவி விட்டு, ஞாயித்துக்கிழம விடியும்போது சுத்தமா வச்சிரணும். அதான் திட்டம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? ரன்வேயில சாமான் கெடந்தாக் குறுக்குப் போடணும். ஆரும் வரப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டேன். ரெண்டு முனையிலயும் விரிச்சு, கல்லு வச்சேன். மிளகா போட்டது தப்பா இருக்கலாம். குறுக்குப் போட்டது தப்பில்ல. அத யாரும் குத்தம் சொல்ல முடியாது.

சனிக்கிழம பதினோரு மணி இருக்கும். மூணு பேரும் மிளகாயக் கிண்டி விட்டுக்கிட்டிருக்கோம். ஒரு சத்தம். மேக்க இருந்து. எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். கையில இருந்த பலகையக் கீழ போட்டுட்டேன்.

ஓடுனேன் தாயி. இந்தக் கால வச்சுக்கிட்டு அன்னைக்கு ஓடுன மாதிரி என்னைக்கும் ஓடுனதில்ல. துணியப் பிடுங்கி எடுத்துத் தலைக்கு மேல வீசுதேன். "வாங்க சார்! வாங்க சார்!"னு கத்துதேன். மேல இருக்க மனுசனுக்குக் கத்துறது கேக்குமா? நான் வாங்கன்னு வீசுதேன், அவருக்கு அது போங்கன்னுல்ல தெரிஞ்சிருக்கும்? ஒரு சுத்துச் சுத்தினாரு. இன்னொரு சுத்து, ரொம்பத் தாழ்வா. என் தங்கச்சி முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு நிக்கா. அப்புறம் வடக்க பாத்துப் போயிட்டாரு. சத்தம் குறைஞ்சு குறைஞ்சு, நின்னு போச்சு. ஊரு தூரத்துல, எங்க மூணு பேரத் தவிர ஆரும் பாக்கல. நான் அந்த வெள்ளத் துணிய வச்சுக்கிட்டு நிக்கேன்.

ரெண்டு மணிக்குப் போன் அடிச்சுது. மதுரையில எறங்கிட்டுப் பேசுறாரு.

"என்ன கெங்குசாமி, குறுக்குப் போட்டிருக்க?"

மிளகான்னு சொல்ல வேண்டியதுதான? ஒரு வார்த்தை. மூணு எழுத்து. சொல்லியிருந்தா என்ன, ரெண்டு வசவு விழும். விழுந்துட்டுப் போகுது. ஆனா இருபத்தாறு வருசம் ஒரு ஆணி கெடக்காமப் பாத்தவன், ரன்வேயில வத்தல் காயப் போட்டேன்னு அந்த மனுசங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? என் வாயி என்னக் கேக்காமச் சொல்லிருச்சு.

"பள்ளம் விழுந்துருச்சு சார்."

அப்புறம், "எங்கன?"ன்னாரு.

"நடுவுல சார்."

"பெரிசா?"

பொய் சொன்னா அதுக்கு அளவும் சொல்லணும்ல? "ஆளு எறங்கலாம் சார்"ன்னேன்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கதான் இருக்கேன். அதுக்குள்ள சரி பண்ணிர முடியுமா கெங்குசாமி? நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னாரு.

ஆளு எறங்குற பள்ளத்த ஒரு ராத்திரியில மூட முடியுமா? முடியும்னு சொன்னா, அப்பப் பள்ளமே இல்லைன்னு தெரிஞ்சு போகும்ல? "முடியாது சார்"ன்னேன். "சரி, நல்ல வேளை, சொன்ன. ரெட்டியாருகிட்ட வெவரத்தச் சொல்லிரு"ன்னு வச்சுட்டாரு. "சொல்லிருதேன் சார்"ன்னேன்.

எப்படிச் சொல்லுவேன்? ரெட்டியாரு அடுத்த நிமிசம் பிளசர் கார்ல வந்து நிப்பாரு, பள்ளம் எங்கடாம்பாரு. அதுக்கு என்ன செஞ்சேன் தெரியுமா? ஷெட்டுல இருந்து கடப்பாரைய எடுத்துட்டுப் போனேன். நடுவுல நின்னு ஓங்கிப் போட்டேன். தாரு பேந்துச்சு, ஒரு கையளவு. ரெண்டாவது போடு போட்டேன். மூணாவதுக்குக் கையி எழும்பல தாயி. நான் புல்லு மொளச்சா வெரலால கிள்ளி எடுத்த தரை அது. கடப்பாரையப் போட்டுட்டு மிளகாய்க்கு நடுவுல உக்காந்து ஓன்னு அழுதேன். என் தங்கச்சி வந்து தோளத் தொட்டா. "போடி அங்கிட்டு"ன்னுட்டேன். அதான் நான் அவகிட்டப் பேசின கடைசிப் பேச்சு.

சாயங்காலமே மிளகாய அள்ளி, துணியச் சுருட்டி, பேந்த தாரையும் மூடி வச்சாச்சு. ஞாயித்துக்கிழம ஊரே வந்துருச்சு. மேளம், பிள்ளைக, தாலுகா ஆபீசரு நோட்டோட. ரெட்டியாரு பட்டு வேட்டி கட்டி, கழுத்த அண்ணாந்து அண்ணாந்து பாக்காரு. ஒவ்வொரு பருந்துக்கும் "அந்தா வருது"ங்காரு. நான் பக்கத்துல நிக்கேன். எனக்குத் தெரியும் வராதுன்னு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசரு நோட்ட மூடிட்டுப் போயிட்டாரு. ரெட்டியாரு பிள்ளைகளுக்கு பிஸ்கோத்தக் குடுக்கச் சொல்லிட்டு, "ஞானசிகாமணி பேர இனி எவனும் என் காதுபடச் சொல்லக் கூடாது"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "பெரிய எடத்துக்குப் போனவுக அப்படித்தான் மொதலாளி"ன்னு சொன்னேன். ஆமா. நாந்தான் சொன்னேன். இந்த வாயிதான்.

உங்கப்பா அப்புறம் ரெண்டு தடவ ரெட்டியாரு வீட்டுக்குப் போன் போட்டாராம். குரலக் கேட்டதும் வச்சுட்டாராம் இவரு. அதோட ரெண்டு பேருக்கும் முடிஞ்சு போச்சு. ரெட்டியாரு செத்து நாலு வருசம் ஆச்சு, உங்கப்பாவ வஞ்சுக்கிட்டே செத்தாரு. நெலத்த எடுத்தாக, போர்டு வச்சாக, அதோட சரி. ஷெட்டுத் தகரத்த ராவோட ராவா எவனோ கழட்டிட்டுப் போனான். இப்பக் கார் ஓட்டிப் பழகுறாக. கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை பொண்ணு வந்து போட்டோ எடுக்காக. நான் இன்னும் காலையில எந்திரிச்சு ஒரு நடை நடக்கேன். ஆரும் சொல்லல. நடக்கேன்.

இப்பச் சொல்லுங்க தாயி. நன்றி சொல்லுவீகளா? நீங்க போயி உங்கப்பா கல்லறையில சொல்லணும். பள்ளம் இல்ல, மிளகான்னு சொல்லணும். பள்ளம்னு நம்பியே போயிட்டாரே அந்த மனுசன், அதத்தான் என்னால...

என்ன?

என்ன சொல்லுதீக?

செவப்பாத் தெரிஞ்சுச்சா? மேல இருந்தா?

முக்கா மைலு மிளகா, மேல இருந்து தெரியாம எப்படி இருக்கும்னா கேக்கீக? எனக்கு... நான் மேல போனதில்லையே தாயி. எனக்கு அது தோணவே இல்லையே. பதினாலு வருசத்துல ஒரு நாளு தோணலையே. துணி மட்டுந்தான் தெரியும்னுல்ல நெனச்சேன்.

அப்ப, போன் போடும்போதே தெரியுமா அவருக்கு? தெரிஞ்சுதான் கேட்டாரா? எங்கன, பெரிசா, நாளைக்குள்ள சரி பண்ணிர முடியுமான்னு... நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாரே... அய்யோ. அய்யோ சாமி. வழி விட்டாரா எனக்கு?

தெரிஞ்சா அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழம வரல? மதுரையிலதான இருந்தாரு? சொல்லுங்க தாயி, மறைக்காதீக, உங்ககிட்டச் சொல்லியிருக்காருல்ல. சொல்லுங்க.

"பள்ளம்னு ரெட்டியாருகிட்டயும் சொல்லியிருப்பான். ஊருக்கு முன்னால நான் எறங்கியிருந்தா, கெங்குசாமி பொய் சொன்னது ரெட்டியாருக்குத் தெரிஞ்சு போயிருக்கும். அவன் அப்புறம் அந்த ஊர்ல நடமாட முடியாது"ன்னு...

எனக்காகவா?

என் மூஞ்சிக்காகவா இந்த ஏரோட்ராமு போச்சு? என் மூஞ்சிக்காகவா அந்த மனுசன் பதினாலு வருசம் ஏமாத்துக்காரன்னு பேரு வாங்கினாரு?

திட்டியிருக்கலாம்ல? போன்லயே, "எலே, மிளகாயக் காயப் போட்டுட்டுப் பொய்யா சொல்லுத?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நான் அந்த நிமிசமே அள்ளியிருப்பேனே. கையால அள்ளியிருப்பேனே. நாலு பேரு முன்னால ரெட்டியாரு கால்ல விழுந்திருப்பேனே. இப்படி ஒண்ணுமே கேக்காம... ஒண்ணுமே கேக்காமப் போயிட்டா நான் எங்கன போயி நிப்பேன்?

எந்திரிக்காதீக. இன்னும் கொஞ்சம் இருங்க தாயி. அவரு இனிமே வர மாட்டாரு. நீங்களாவது என்னை ஒரு வார்த்தை திட்டிட்டுப் போங்க.